நேர்ந்துவிட்ட வண்ணங்கள்

பங்குனி அமாவாசையன்று செஞ்சி பேருந்து நிலையத்தில் ஒரு வண்டி காலியாக நின்றால் அது அதிசயம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் என்று அட்டை மாட்டிய வண்டி உள்ளே திரும்பியதுமே ஜனம் ஓடி வரும். அது நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டும் கூடையும் பறந்து போய் இடம் பிடித்துவிடும். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, அலெக்சாண்டர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்களுக்கு ஆள் சும்மா சாய்ந்திருப்பதாகத் தோன்றும். அப்படித் தோன்ற வேண்டுமென்றே வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டு மென்றுகொண்டும் இருந்தான்.

கை நடுங்கியது. அதுதான் விஷயம். பஸ் ஓட்டுகிறவனுக்குக் கை நடுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். தெரியாமல் மறைத்து ஓட்டினால் நம்பி ஏறியவர்களின் உயிர் போனாலும் போகும். ஐப்பசி மாதத்திலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவன் அல்லாடிக்கொண்டிருந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டிய பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

"அலெக்சு, போலாமா? இதுக்கு மேல ஏத்துனா கூரை பிச்சுக்கும்" என்று பின்படியிலிருந்து கத்தினார் விநாயகம். அவர்தான் நடத்துநர். இந்த வண்டியிலேயே தலை நரைத்தவர், வாய் மட்டும் நரைக்கவில்லை. அலெக்சாண்டருக்கு மூத்தவர் என்பதால் அவன் அண்ணா என்றுதான் கூப்பிடுவான்.

"போலாம்ண்ணா" என்றான் அலெக்சாண்டர். கைகளை வெளியே எடுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தான். பிடித்த பிறகு நடுக்கம் தெரியாது. அந்த அளவுக்காவது அது மரியாதையாக நடந்துகொண்டது.

ஐப்பசியில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் கொடுமை. விழுப்புரத்திலிருந்து அனந்தபுரம் வழியாக மழையில் வந்துகொண்டிருந்தான். வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் சேற்றில் வழுக்கி வண்டிக்கு முன்னால் விழுந்தார். அலெக்சாண்டர் மிதித்த மிதியில் வண்டியே குலுங்கி நின்றது. சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கலாம். பெரியவர் எழுந்தார், வேட்டியை உதறினார், "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது ஒனக்கு?" என்று கேட்டார், சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு போயே போய்விட்டார்.

அடிபட்டிருந்தாலாவது போலீஸ், ஆஸ்பத்திரி என்று அலைந்திருப்பான், நாலு பேர் தோளில் தட்டிக் கொடுத்திருப்பார்கள். ஒன்றும் ஆகாமல் தப்பித்தவனுக்கு யார் ஆறுதல் சொல்வார்கள்? வீட்டில் சொன்னபோது ரீட்டா, "மாதா காப்பாத்துனா" என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அவனுக்கு முடியவில்லை. அந்த வாரத்திலிருந்து சாலையில் யார் குறுக்கே வந்தாலும் அந்தத் தலைதான் தெரிந்தது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருக்கும். பிறகு கை ஆட ஆரம்பிக்கும்.

மாரடைப்புதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, வாயுத் தொல்லை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று கடைசி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த மனநல டாக்டரம்மா அவன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். மாத்திரை எழுதினால் தூக்கம் வரும், வண்டி ஓட்டக் கூடாது என்றாள். அப்படியானால் மாத்திரை வேண்டாம் என்றான் அவன். அவள் மாத்திரைச் சீட்டை ஓரமாக வைத்தாள்.

"தினமும் ஒரு நோட்டுல ஒரு பக்கம் ரொப்புங்க" என்றாள்.

"எழுதறதா? எனக்குக் கையெழுத்து போடறதே பெரிய பாடும்மா."

"எழுத வேணாம். கலர் அடிங்க, கிறுக்குங்க, எதையாவது ஒட்டுங்க. அழகா இருக்கணும்னு இல்ல. அன்னிக்கி மனசுல இன்னா இருந்துதோ அது பக்கத்துல எறங்கணும், அவ்ளோதான். செஞ்சி பாருங்க. அடுத்த மாசம் கட்டாயம் வாங்க."

அடுத்த மாதம் அவன் போகவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நம் ஆட்களின் வழக்கம்தானே அது, தலைவலி நின்றதும் டாக்டரை மறப்பது. ஆனால் நோட்டை மட்டும் விடவில்லை.

மகன் ஜெபின் பாலிடெக்னிக்கில் பாதி எழுதிவிட்டுப் போட்ட நீள நோட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. கடைத்தெருவில் வண்ணப் புட்டிகள் வாங்கும்போது, பையனுக்கு என்று கடைக்காரரிடம் சொன்னான். அந்தப் பையனுக்கு மீசை முளைத்து நாளாகிவிட்டது என்பது கடைக்காரருக்கும் தெரியும். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கம் முழுக்கக் கறுப்பை அப்பினான். இரண்டாம் நாளும் கறுப்புதான். பிறகொரு நாள் சட்டைப்பையில் கசங்கிக் கிடந்த ஒரு டிக்கெட்டைக் கறுப்பின் மேல் ஒட்டினான். இளஞ்சிவப்பு டிக்கெட். ஒட்டியதும் அந்தக் கறுப்புக்கே ஒரு முகம் வந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடை பேப்பர் டம்ளரை விரித்து ஒட்டுவான். புளிய இலையை வண்ணத்தில் தோய்த்து அச்சுக் குத்துவான். எவனோ வழி மறித்துத் திட்டிய நாளில் சிவப்பைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே இழுப்பான், இழுத்து முடிக்கும்போது கோபம் போயிருக்கும். தினமும் ராஜகிரிக் கோட்டை மலையைத் தாண்டித்தான் போகிறான், அந்தப் பாறைகள் பழுப்பு நிறம் என்றே பிறந்ததிலிருந்து நம்பியிருந்தான். வரைய உட்கார்ந்தபோதுதான் பழுப்பு சரிப்படவில்லை. மறுநாள் வண்டியை நிறுத்தியபோது உற்றுப் பார்த்தான். கல்லில் ஊதா இருந்தது, வெயில் சாயும் பக்கத்தில் ரோஜா நிறம்கூட இருந்தது. நாற்பத்திநாலு வயதில் தன் ஊர் மலையின் நிறம் தெரிந்த சந்தோஷத்தில் ரீட்டாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"ஒண்ணாங்கிளாஸ் புள்ளகூட இவ்ளோ கலர் அடிக்காது" என்றாள் ரீட்டா. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பீடத்தில் வாடிப்போன ஒரு சம்பங்கியை எடுத்துக்கொண்டு வந்து, ஒட்டுவதற்கு ஆகுமா என்று கேட்டாள்.

மார்கழி, தை இரண்டு மாதமும் கை நடுங்கவில்லை. வண்டியில் ஏறினால் அவன் பழைய அலெக்சாண்டர். இன்றைக்கு என்ன நிறம் வைப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டுவான், அந்த யோசனையில் பயத்துக்கு உட்கார இடம் கிடைக்காது.

அப்புறம்தான் தவக்காலம் வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதம்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் அன்பியக் கூட்டம் அவர்கள் தெருவில், வெரோனிகா வீட்டில் நடந்தது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஜெபம் சொல்லிவிட்டு, தவக்காலத்தில் அவரவர் எதை விடப்போகிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்வது வழக்கம். ஒருவர் கறி மீன் என்றார், அதைத்தான் எல்லோருமே விடுகிறார்கள். ஒருத்தி சீரியல் என்றாள். மூக்குப்பொடி என்றார் செபாஸ்தியான் பெரியப்பா, எல்லோரும் சிரித்தார்கள், ஏனென்றால் போன வருடமும் அதையேதான் சொன்னார். கூட்டத்தை நடத்திய வெரோனிகா, "ரொம்பப் புடிச்சத விடணும். வலிக்கணும். அப்பதான் கேட்டது கெடைக்கும்" என்றாள்.

அலெக்சாண்டருக்கு அது நேராக நெஞ்சில் தைத்தது. கேட்பதற்கு அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த நடுக்கம் அடியோடு போக வேண்டும், திரும்பி வரவே கூடாது. அதற்கு விலையாக எது ரொம்பப் பிடிக்குமோ அதைக் கொடுக்க வேண்டும் என்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். மற்றவர்களைப் போல ஒப்புக்குக் கொடுக்க அவனுக்கு மனமில்லை.

"நான் அந்தக் கலர் நோட்டை விட்டுடறேன்" என்றான். "ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன்."

எல்லோரும் அவனைப் பெருமையாகப் பார்த்தார்கள். ரீட்டா சொல்லி அந்த நோட்டு தெருவுக்கே தெரியும், வெறும் நோட்டுதானே என்று யாரும் சொல்லவில்லை. ரீட்டாதான் கொஞ்சம் வாடிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் அவனே நோட்டையும் புட்டிகளையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்தான். கொடுக்கும்போது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட லேசு அது. பாவம், தான் செய்தது என்ன என்று அவனுக்கு அப்போது தெரியாது.

ஒரு வாரம் ஓடியது. இரண்டாவது வாரம் ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையில் நிற்கவில்லை. மூன்றாவது வாரம் திருவண்ணாமலை சாலையில் ஒரு நாய் குறுக்கே ஓட, நெஞ்சில் பழைய கயிறு விழுந்தது. அவன் இன்னும் அதிகமாக ஜெபம் சொன்னான். சிலுவைப் பாதைக்கு வெள்ளி தவறாமல் போனான். நடுக்கம் கூடக்கூட, தன் நேர்ச்சை போதவில்லை என்றுதான் நினைத்தான். காப்பியையும் விட்டான். வீட்டில் பீரோவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கை தானாகவே அந்தப் பக்கம் நீளும், அவன் அதை இழுத்து மடக்கிக்கொள்வான். ரீட்டா கேட்டாள், "இன்னாங்க, மூஞ்சியே செரியில்ல?" தவக்காலம் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்றான்.

இப்படி வந்து சேர்ந்ததுதான் பங்குனி அமாவாசை. லீவு கேட்டிருக்கலாம். அமாவாசையன்று லீவு கேட்கிற ஓட்டுநரை முதலாளி என்ன பார்வை பார்ப்பார் என்று அவனுக்குத் தெரியும், அதனால் கேட்கவில்லை.

வண்டி சேத்துப்பட்டு சாலையில் ஏறியது. அவனுக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டி மேல், மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுந்தராம்பாள் என்று பேர், அனந்தபுரம் சந்தையில் காய் விற்கிறவள். இதையெல்லாம் அவன் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். பேச்சு நிற்கவே இல்லை.

"மாசம் தவறாம வர்றேன் தம்பி. மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம், எல்லாம் வூட்லேர்ந்தே எடுத்தாந்துடுவேன். அங்க போனா யான வெல சொல்றானுங்க. ஒனக்கு இன்னா வேர்க்குது இப்பிடி?"

"வெயில்மா."

"வெயிலு எறங்கிடுச்சே."

அவன் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வளத்தியில் திரும்பியதும் சாலை குறுகியது. இரண்டு ஓரமும் நடந்து போகிற ஜனம். தலையில் கூடை, தோளில் பிள்ளை, கையில் வேப்பிலை. பின்னால் வருகிற வண்டிக்கு ஒதுங்க வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் இல்லை. அலெக்சாண்டர் ஹாரனை அடித்துக்கொண்டே நகர்த்தினான். ஒவ்வொரு தலையும் அந்தத் தலையாகவே தெரிந்தது. வலது பக்கம் எதிரே ஒரு லாரி. இடது பக்கம் குழந்தைகளோடு ஒரு கூட்டம். நெஞ்சு இறுகியது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினான், அடுத்த வார்த்தை நினைவுக்கு வரவில்லை.

லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஒரு கிழவர் கால் இடறி, வண்டியின் பக்கமாகச் சாய்ந்தார். விழவில்லை. பக்கத்தில் வந்தவன் பிடித்துக்கொண்டான். ஆனால் அதற்குள் அலெக்சாண்டரின் கால் பிரேக்கை அழுத்தி, நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். இன்ஜினை அணைத்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அதற்குமேல் கை அவனுடையதாக இல்லை. தோளிலிருந்து விரல் வரைக்கும் வெடவெடவென்று ஆடியது. பற்கள் அடித்துக்கொண்டன. மூச்சு பாதியிலேயே நின்று நின்று போனது. செத்துவிடுவோம் என்று நினைத்தான், அதைவிட, எல்லோரும் பார்க்கிறார்களே என்று நினைத்தான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

சுந்தராம்பாள் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

"ஆத்தா வந்துட்டாடி! டிரைவர் மேல ஆத்தா வந்துட்டா!"

நின்றிருந்தவர்கள் முண்டி எட்டிப் பார்த்தார்கள். அப்புறம், "அங்காளம்மா! தாயே!" என்று கூரை அதிர்ந்தது. பின்னாலிருந்து வேப்பிலைக் கொத்து கை மாறிக் கை மாறி வந்தது. யாரோ அவன் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். சுந்தராம்பாள் பையை அவிழ்த்து, குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து அவன் நெற்றியில் அப்பி, மீதியை அவன் இரண்டு உள்ளங்கையிலும் கொட்டினாள். அமாவாசைக்கு மலையனூர் போகிற வண்டியில் உடம்பு ஆடினால் அதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"யாரு தாயே வந்திருக்கிறது? வாயத் தெறந்து சொல்லு! எங்க கொற வெச்சோம்?" என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டாள் சுந்தராம்பாள். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. ஒரு கணம் தயங்கினாள். "வேதக்காரரா இருந்தா இன்னா? அவளுக்கு யாரு மேல வரணும்னு இருக்குதோ அவங்க மேலதான் வருவா" என்று தனக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

அலெக்சாண்டர் முன்கண்ணாடியில் கையை ஊன்றினான், சாய்ந்து விழாமல் இருப்பதற்காக. கை வழுக்கியது. கண்ணாடியில் சிவப்பாக ஒரு பட்டை விழுந்தது.

அந்தச் சிவப்பை அவன் பார்த்தான். மஞ்சள் தண்ணீரில் கரைந்த இடத்தில் அது ஆரஞ்சாக மாறி, மெல்ல வழிந்துகொண்டிருந்தது. வழிவதை ஒரு விரலால் தடுத்தான். தடுத்த இடத்தில் ஒரு வளைவு உண்டானது. அந்த வளைவை இன்னும் கொஞ்சம் இழுத்தான், ஒரு பாறையின் முதுகு மாதிரி வந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் மேல் ஒன்று. விரல் ஆடிக்கொண்டேதான் போட்டது, அதனால் கோடு நெளிந்தது. நெளிந்தால் என்ன, பாறை நேராகவா இருக்கிறது? உள்ளங்கையில் இருந்த குங்குமத்தை எச்சிலில் குழைத்து நிழல் பக்கத்தை அடர்த்தியாக்கினான். வெயில் பக்கத்துக்கு மஞ்சளை விட்டான். வண்டி, ஜனம், ஹாரன் எல்லாம் தூரமாகப் போயின. மூச்சு ஒரு முறை அடிவயிறு வரைக்கும் போய்விட்டு வந்தது. இன்னொரு முறையும் போய் வந்தது.

"கோலம் போடுறா பாரு ஆத்தா!" என்று ஒரு கிழவி அழுதாள்.

விநாயகம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து சேர்ந்தார். அவன் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கூட இருந்து பழகிய கண் அல்லவா, சாமி இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. காதருகே குனிந்தார்.

"இன்னாடா ஆச்சு? சரி, அப்புறம் பேசிக்கலாம். இப்ப ஆமான்னு சொல்லு. ஆத்தாதான் வந்தான்னு சொல்லிட்டு வண்டிய எடு. ஒருத்தனும் ஒன்ன ஒரு கேள்வி கேக்க மாட்டான். மொதலாளியே வந்து கால்ல வுழுவாரு."

உண்மைதான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை போகாது. பயந்தாங்கொள்ளி என்று பேர் வராது. நாளைக்கே செஞ்சி முழுக்க இவன் கதைதான் பேசுவார்கள், அதுவும் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசுவார்கள். அடுத்த முறை கை நடுங்கினாலும் ஆத்தா மேலே பழி போட்டுக்கொள்ளலாம். வேதக்காரன் அங்காளம்மாள் பேரில் பொய் சொல்கிறான் என்ற பாவத்தை வேண்டுமானால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக் கரைத்துக்கொள்ளலாம்.

அவன் திரும்பி வண்டியைப் பார்த்தான். அத்தனை பேரும் இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கி இவன் பக்கமாக நீட்டினாள், ஆசீர்வாதத்துக்காக. அந்தக் குழந்தை வேப்பிலையைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது. இந்தக் குழந்தையையும் வைத்துக்கொண்டுதான் இத்தனை தூரம் ஓட்டி வந்தேன் என்று நினைத்தான்.

"யாரும் வரல" என்றான்.

"இன்னா தாயே?"

"தாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான். அலெக்சாண்டர். எனக்கு பயம்மா. பஸ் ஓட்ட பயமா இருக்குது. ஐப்பசிலேர்ந்து கை நடுங்குது. இன்னிக்கி வண்டி எடுக்கும்போதே நடுங்குச்சி. யாரு கிட்டயும் சொல்லாம எடுத்துட்டேன். எல்லாரும் எறங்கிடுங்க."

விநாயகம் தலையில் கை வைத்துக்கொண்டார். கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நடுவில் நின்றிருந்த ஒரு ஆள் முண்டியடித்து வந்து அலெக்சாண்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"தெரிஞ்சேதான் ஓட்டுனியா? எம் பொண்டாட்டி புள்ளைங்கல்லாம் உள்ள இருக்குது. தெரிஞ்சேதான் ஓட்டுனியாடா?"

"ஆமா" என்றான் அலெக்சாண்டர்.

அந்த ஆள் கையை ஓங்கினான். அடி விழும் என்று அலெக்சாண்டர் கண்ணை மூடிக்கொண்டான். விழட்டும் என்றுதான் இருந்தது. சுந்தராம்பாள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"உடுப்பா. அவனே நிறுத்திட்டான் இல்ல? அதுக்கோசரம் உடு." பிறகு அலெக்சாண்டர் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இப்போது பக்தியும் இல்லை, இரக்கமும் இல்லை, ஏமாந்துபோன எரிச்சல்தான் இருந்தது. "ஆத்தா வந்துட்டான்னு ஊரையே கூட்டிட்டேன். குங்குமம் பூரா ஒன் கையில கொட்டிட்டேன். இப்ப கோயில் கடக்காரன் சொல்ற வெலைக்கு நான் வாங்கணும்." பையை இடுக்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கியவள் படியிலேயே நின்று, "சாப்டியா நீ?" என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் நம்பவில்லை. ஒரு எலுமிச்சம்பழத்தை இன்ஜின் பெட்டி மேல் வைத்துவிட்டு, கூட்டத்தோடு கலந்து நடந்தாள்.

மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். கோயில் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். சிலர் காசைத் திருப்பிக் கேட்டார்கள், விநாயகம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். காலி வண்டியை ஓரங்கட்டுவதற்கு அலெக்சாண்டரின் கைகள் போதுமானதாக இருந்தன. விநாயகம் கீழே நின்று விசில் ஊத, அவன் புளிய மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினான். முதலாளிக்கு அவனே போன் போட்டான். உள்ளதை உள்ளபடி சொன்னான். அவர் கத்தவில்லை. வேறு டிரைவரை அனுப்புகிறேன், சாவியை விநாயகத்திடம் கொடு, நான் கூப்பிடுகிற வரைக்கும் ஷெட் பக்கம் வராதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்லடா" என்றார் விநாயகம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டார்.

தனியாக உட்கார்ந்திருந்தபோது அலெக்சாண்டர் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தான். பாறைகள் காய்ந்துகொண்டிருந்தன. தவக்காலம் முடியவில்லை, அவன் விரதத்தை முறித்துவிட்டான், கையும் அடங்கிவிட்டது. இது எப்படி என்று யோசிக்க யோசிக்க அவனுக்கு உடம்பு கூசியது. நடுக்கம் போக வேண்டும் என்றுதானே கேட்டான்? அவன் கேட்பதற்கு முன்னாலேயே அது போயிருந்தது. மார்கழியிலும் தையிலும் போயிருந்தது. கடவுள் ஏற்கெனவே கொடுத்ததைக் கொண்டுபோய்ப் பீரோவில் பூட்டிவிட்டு, கொடு கொடு என்று முழங்காலில் நின்றிருக்கிறான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயிலேயே அழுகையும் வந்தது.

ரீட்டாவுக்குப் போன் போட்டான்.

"ரீட்டா, நேர்ச்சைய முறிச்சிட்டேன். வரஞ்சிட்டேன்."

"அய்யோ, வண்டியில போயி எங்க வரஞ்சீங்க? சரி போவுது. ஞாயித்துக்கெழம சாமியாருகிட்ட சொல்லிக்கலாம். அதுக்கா அழுவுறீங்க?"

"இல்ல ரீட்டா. நான் மருந்தப் போயி நேந்து வுட்டுட்டேன்."

"இன்னா மருந்து? யாருக்கு மருந்து? நீங்க இன்னா சொல்றீங்கன்னே புரியல எனக்கு."

அவன் சொன்னான். ஆஸ்பத்திரியின் கடைசி அறையிலிருந்து ஆரம்பித்து, தொடைக்கு அடியில் வைத்த கை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். வாயுத் தொல்லை என்று சொன்ன பொய்யையும், சட்டையைப் பிடித்த ஆளையும், வேலை இருக்குமா என்பது தெரியாது என்பதையும் சொன்னான். ஜனம் வண்டியைத் தாண்டி நடந்து போய்க்கொண்டே இருந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை.

"இத்தினி மாசமும்" என்றாள் கடைசியில், மிகவும் மெதுவாக, "என் பக்கத்துலதான படுத்துக்கினு இருந்தீங்க?"

ஆமாம் என்று மட்டும் சொன்னான்.